பானுமதியின் இடது மணிக்கட்டு

அந்தக் கடிகாரத்தை முதன்முதலாகக் கட்டிய அன்றே பானுமதிக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியாததால் கட்டிக்கொண்டாள். பிடிக்காத பல காரியங்களை அவள் இப்படித்தான் செய்துவந்திருக்கிறாள்.

துவாக்குடியில் கொதிகலன் பாகங்கள் செய்யும் ஒரு தனியார் கம்பெனியின் டெஸ்பாட்ச் பிரிவில் அவளுக்கு வேலை. செய்து முடித்த சாமான் லாரி ஏறி வெளியே போக வேண்டுமென்றால் கேட் பாஸில் அவள் கையெழுத்து வேண்டும். கல்யாணமாகித் திருவானைக்காவலுக்கு வந்த புதிதில் சேர்ந்தது. மகன் பிறந்து, படித்து, ஓசூருக்கு வேலைக்கே போய்விட்டான். அவள் மட்டும் அதே ஜன்னலோர மேஜையில் இருக்கிறாள். கணவர் லக்ஷ்மணன் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். காலையில் ஒரே வாசலில் இறங்கி ஆளுக்கொரு பக்கம் போய், இருட்டியபின் ஒரே வாசலில் வந்து சேர்கிற குடும்பம்.

கடிகாரத்தைக் கொண்டுவந்தவன் மாதவன். மனிதவளப் பிரிவுக்குச் சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த பையன். நல்ல பையன்தான், யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவான். ஒரு திங்கட்கிழமை கூட்டத்தில் மேஜை நிறைய அட்டைப்பெட்டிகளை அடுக்கிவைத்து, ஆளுக்கொன்று கொடுத்தான்.

"இதை வாட்ச்னு நினைக்காதீங்க. எந்நேரமும் உங்களைக் கவனிச்சுக்கற ஒரு ஃபிரெண்டுன்னு நினைச்சுக்குங்க" என்றான்.

"எந்நேரமும் என்னைக் கவனிக்க எங்க மாமியார் இருக்காங்க சார். அவங்களுக்குச் சார்ஜ்கூடப் போட வேண்டாம்" என்றாள் ஷரீபா. பானுமதிக்கு எதிர்மேஜைக்காரி, வயதில் இளையவள். வாய் கொஞ்சம் நீளம். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டார்கள்.

இடது கையில் கண்ணாடி வளையல் கிடந்தால் கடிகாரம் சரியாகப் பதியாது என்று மாதவன் சொன்னதால், பானுமதி அந்தக் கை வளையல்களைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். இரவு சாப்பாட்டின்போது லக்ஷ்மணன் பார்த்துவிட்டார்.

"என்ன இது, ஒரு கை வீட்டுக்கு, ஒரு கை ஆபீசுக்கா?"

"எல்லாரும்தான் கட்டிக்கிட்டாங்க. நான் மட்டும் மாட்டேன்னா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்கா இல்லையான்னு அந்த வாட்சையே கேளு, சொல்லும்" என்று குழம்பை ஊற்றிக்கொண்டார் அவர்.

ஒரு மாதத்துக்குள் கம்பெனியின் முகமே மாறிப்போயிற்று. நான்கு பேர் ஓர் அணி. நால்வரும் நடக்கிற நடை, தூங்குகிற தூக்கம் எல்லாம் சேர்த்து அணிக்கு மதிப்பெண். ஒருவர் ஒரு நாள் கடிகாரத்தைக் கழற்றிவைத்தாலும் அணிக்கு அந்த வாரமே வீண். தோற்ற அணியின் பெயரைத் திங்கட்கிழமை கூட்டத்தில் வாசிப்பார்கள். வாசிப்பதோடு சரி, வேறு தண்டனை கிடையாது. ஆனால் வாசிக்கப்படாமல் இருப்பதற்காக மனிதர்கள் என்னவெல்லாம் செய்தார்கள்! சாப்பாட்டு வேளையில் காவலாளி அறையைச் சுற்றிக் கூட்டமாகப் பிரதட்சிணம் வந்தார்கள். மூலவர் இல்லாத பிராகாரம் என்றாள் ஷரீபா. பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாளுக்குப் பின்னாலிருந்து நின்ற இடத்திலேயே மிதிக்கும் சத்தம் கேட்டது. பிரிவுப் பொறுப்பாளர் பிச்சமுத்து, ஓய்வு பெறுகிற வயதை நெருங்கிய மனிதர், ஃபைல் படிக்கும்போதெல்லாம் இடது கையைத் தூளி ஆட்டுவதுபோல ஆட்டிக்கொண்டே படித்தார். அவர்தான் பானுமதி அணிக்கும் தலைவர்.

ஷரீபா ஒருநாள் காந்தி மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்த பூவன்பழச் சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, அதற்குத் தன் கடிகாரத்தைக் கட்டிவிட்டாள். கடிகாரம் பச்சை விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்துவிட்டு, பழத்துக்கும் ஒரு நாடித்துடிப்புச் சொன்னது.

"பானுக்கா, பாருங்க. நம்மளைவிட இதுக்கு ஹெல்த் நல்லா இருக்கு."

பிச்சமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "விளையாடாத ஷரீபா. அணிக் கணக்குல பழத்தோட துடிப்பும் சேந்துடும்."

"சேரட்டும் சார். பழம் ராத்திரி நல்லாத் தூங்கும்."

இந்தச் சிரிப்பெல்லாம் சிரிப்பாகவே இருந்திருந்தால் பானுமதியும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அந்தச் சாமான் கேள்வி கேட்டது. மாதவிலக்கு எப்போது வந்தது என்று கேட்டது. பதில் சொல்லாவிட்டால் மறுநாளும் கேட்டது. நேற்று சரியாகத் தூங்கவில்லையே என்று காலையில் விசாரித்தது. பெற்ற தாய்கூட மகளைத் தனியே அழைத்துக் காதோடு கேட்கிற விஷயத்தை, பஸ் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, பக்கத்தில் நிற்கிற ஆம்பிளையும் படிக்கிற மாதிரி எழுத்தில் கேட்டது. பட்டைக்குக் கீழே வியர்த்து, தோல் வெளுத்து, பொரிப்பொரியாகக் கிளம்பியது. குளித்துவிட்டு வந்து கழற்றினால், நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டு மறந்த மாதிரி ஒரு வாடை. மூக்கைச் சுளித்துக்கொண்டு துடைத்து, மறுபடி கட்டுவாள்.

இனி பானுமதியின் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா பெயர் ரங்கநாயகி. ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டில் வீடு. திருவானைக்காவலிலிருந்து ஸ்ரீரங்கம் கூப்பிடு தூரம்தான். ஆனால் அக்காவும் தங்கையும் முகம் பார்த்துப் பேசி மூன்று வருஷமாகிறது. அக்காவின் ஒரே மகள் மகாலட்சுமிக்கு வளைகாப்பு நடந்த அன்று, சித்திக்காரி வளையல் போட வேண்டிய முறை வரும் நேரத்தில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. லாரி கேட்டில் நிற்கிறது, கையெழுத்துப் போட ஆளில்லை என்று. ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று எழுந்து போனவள், பொழுது சாய்ந்துதான் வந்தாள். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கல்யாணத்துக்கும் தாலி கட்டின கையோட ஓடின. இன்னைக்கும் ஓடின. லாரிக்கு வழி விடுற வேலையையே பாரு. இந்த வீட்டு வழி இனி உனக்கு வேண்டாம்" என்றாள் ரங்கநாயகி. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஜாதி அவள்.

இரண்டு பேருக்கும் நடுவில் அறுந்துவிடாமல் இருந்த ஒரே நூல் அழகிரி அத்தான். அக்காவின் கணவர், ரயில்வே கூட்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மாம்பழச்சாலை சிக்னலில் பஸ்ஸுக்கு நிற்கும் பானுமதியைப் பார்த்தால் மொபெட்டை ஓரங்கட்டி நிறுத்துவார். "கொஞ்சம் பொறு பானு. உங்க அக்கா கோவம் பழைய பூட்டு மாதிரி. எண்ணெய் விட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஒருநாள் தொறக்கும்" என்பார். மகாலட்சுமிக்குப் பிறந்த பிள்ளையின் போட்டோவைப் போனில் காட்டுவார். யாராவது பார்த்துவிடப் போகிறார்களோ என்பதுபோல உடனே மூடிவிடுவார்.

பானுமதிக்கு உள்ளூர ஒரே ஒரு ஆசைதான். அக்கா ஒருமுறை வாயால் 'வா' என்று கூப்பிட வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பூ வாங்க ராஜகோபுரத்துப் பக்கம் போயிருந்தாள். கதம்பம் முழம் போட்டுக்கொண்டிருந்த பூக்காரியின் மறுபக்கம் ரங்கநாயகி. ஒரு கை தூரம். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். பானுமதியின் வாய் "அக்கா" என்று திறந்தது. ரங்கநாயகி பூவைக்கூட வாங்காமல் திரும்பி நடந்துவிட்டாள். பானுமதிக்கு மார் படபடவென்று அடித்துக்கொண்டது. பூக்காரி, "என்னம்மா, தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்கும்படி ஆயிற்று.

வீட்டுக்கு வந்து லக்ஷ்மணனிடம்கூட அதைச் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவோம் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மாதவன் சுவரில் படம் போட்டுக் காட்டினான். ஒவ்வொருவருடைய வாரமும் மலைபோல ஏறி இறங்கி ஓடியது. பானுமதியின் பெயர் வந்ததும் நிறுத்தினான்.

"பானுமதி மேடம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹார்ட் பீட் செம ஏத்தம். ஆனா ஸ்டெப்ஸ் ஒண்ணும் இல்ல. நின்ன இடத்துலயே நின்னிருக்கீங்க. என்ன பண்ணீங்க மேடம்?" கள்ளமில்லாமல்தான் கேட்டான். ஒருவேளை எதையாவது கண்டுபிடித்த சந்தோஷமாகக்கூட இருக்கலாம்.

பின்வரிசையில் யாரோ, "வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா கேக்கக் கூடாது சார்" என்றான். இரண்டு பேர் கெக்கெக்கே என்றார்கள்.

பானுமதி முகம் சிவக்க உட்கார்ந்திருந்தாள். புடவை விலகினதை ஊரே பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. விலகினது புடவையாக இருந்தால் இழுத்து மூடிக்கொள்ளலாம். இதை எதைக்கொண்டு மூடுவது?

ஷரீபா எழுந்தாள். "சார், எம்படத்தையும் போடுங்க. நோன்பு நாள்ல பகல் முழுக்கத் தண்ணி குடி தண்ணி குடின்னு இது என் உயிரை எடுத்ததே, அதையும் போட்டுக் காட்டுங்க." பேச்சு அப்படியே வேறு பக்கம் போயிற்று. பானுமதி அவளை நன்றியோடு பார்த்தாள். கடிகாரத்தைக் கழற்றி அவன் மேஜையில் எறிய வேண்டும் என்று கை துடித்தது. அணிக்கு வாரம் வீணாகிவிடுமே என்று எறியவில்லை. அவளுடைய சுபாவம் அது. யாருக்காவது ஏதாவது வீணாகிவிடும் என்றால் தன்னை அடக்கிக்கொள்வாள்.

அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து, விடிந்தும் விடியாத நேரத்தில் மகாலட்சுமி போன் செய்தாள். "சித்தி, அப்பா போயிட்டாருங்க சித்தி." காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே அழகிரி அத்தான் சாய்ந்துவிட்டாராம்.

லக்ஷ்மணன் வண்டியை வெளியே தள்ளினார். பானுமதி புடவை மாற்றி, காதில் கிடந்த கல்தோட்டைக் கழற்றினாள். கடிகாரத்தையும் கழற்றிச் சமையலறை மேடையில் வைத்தாள். லீவு சொல்வதற்காகப் பிச்சமுத்துவைக் கூப்பிட்டாள்.

"அடடா. பெரிய துக்கம் மேடம். போயிட்டு நிதானமா வாங்க, இங்க நான் பாத்துக்கறேன்." கொஞ்சம் தயங்கினார். "தப்பா நினைச்சுக்காதீங்க. வாட்ச்சை மட்டும் கழட்டிடாதீங்க மேடம். இந்த வாரம் நாம முன்னால இருக்கோம். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், கையில சும்மா கிடந்தாப் போதும்."

சும்மா கிடந்தால் போதும். இந்த மனிதரோடு இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கிறோம், இப்போது முகத்தில் அடித்த மாதிரி சொல்வானேன் என்று நினைத்தாள். கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, முந்தானையால் மூடிக்கொண்டாள். லக்ஷ்மணன் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார்.

மேலூர் ரோட்டில் பந்தல் போட்டாயிற்று. மேளக்காரர்கள் பறையைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அத்தான். எப்போதும் ஒருக்களித்துச் சிரிக்கிற அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. தலைமாட்டில் ரங்கநாயகி, பெட்டியின் கண்ணாடிமேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள்.

தங்கைக்காரி வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் கூடத்துப் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என்ன நடக்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எத்தனை வருஷப் பகையானாலும் இழவு வீட்டில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டால் தீர்ந்தது. அதன்பின் யாரும் பழசைக் கிளறக் கூடாது. நீட்டிய கையை அங்கே தட்டிவிட்டாலோ, அந்தப் பகை சாகிறவரைக்கும்தான். அதற்கு மேல் ஒரு பஞ்சாயத்து கிடையாது.

ரங்கநாயகி நிமிரவில்லை. பானுமதி கூடத்தின் நடுவில் வட்டமாக உட்கார்ந்து மாரடித்துக்கொண்டிருந்த பெண்களோடு போய்ச் சேர்ந்தாள். ஒரு பக்கத்து வீட்டம்மா முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஒப்புச் சொன்னாள்.

"மேலூரு ரோட்டுல மெல்ல வரும் வண்டி
மெல்ல வரும் வண்டியில என் ராசா முகம் எங்க?"

அந்த வண்டி மாம்பழச்சாலையில் ஓரங்கட்டி நிற்பது பானுமதியின் கண்ணில் தெரிந்தது. அழ வராதோ என்று பயந்துகொண்டு வந்தவள், அடிவயிற்றிலிருந்து கதறினாள். இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டாள். அடித்த இடம் மரத்துப்போயிற்று. புடவை நனைந்தது. எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்த மனிதர் போய்விட்டார். இனி அந்தப் பூட்டை யார் திறப்பது என்று அழுதாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய காரியமும் அது இல்லை.

ஒப்பு ஒரு கட்டத்தில் ஓய்ந்தபோது ரங்கநாயகி தலையைத் தூக்கினாள். தங்கையைப் பார்த்தாள். உதடு கோணிற்று. "பானு, பாத்தியாடி" என்று இரண்டு கையையும் விரித்தாள்.

பானுமதி முழங்காலாலேயே நகர்ந்து போய் அக்காவின் மடியில் விழுந்தாள். அக்காவின் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அக்காவின் கழுத்து மஞ்சள் வாசனை. "அக்கா, அக்கா" என்று அரற்றினாள்.

அப்போது அக்காவின் காதுக்குப் பக்கத்தில் யாரோ கைதட்டினார்கள்.

ஒருவர் இல்லை, ஒரு கூட்டமே தட்டியது. சின்ன அரங்கத்தில் பரிசு கொடுக்கும்போது தட்டுவார்களே, அப்படி. கூடத்தில் அழுகை அப்படியே நின்றது. ரங்கநாயகி விலகி, தங்கையின் இடது கையைப் பிடித்து முந்தானையை விலக்கினாள். கடிகாரத்தின் முகத்தில் வண்ண வண்ணமாக மத்தாப்பு வெடித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே தமிழில் எழுத்து ஓடியது. ரங்கநாயகி கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற மாதிரி உரக்கப் படித்தாள்.

"அருமை பானுமதி! இன்றைய உடற்பயிற்சி இலக்கைத் தாண்டிவிட்டீர்கள்."

வாசலில் நின்ற யாருக்கோ சிரிப்பு பீறிட்டு, இருமலாக மாறிற்று.

"என் புருஷன் செத்ததுக்கு உனக்குக் கை தட்றது யாருடி?" என்றாள் ரங்கநாயகி. சத்தம் போடவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள்.

பானுமதிக்குப் பொய் வரவில்லை. "ஆபீஸ்லக்கா. ஆபீஸ்ல குடுத்தது."

"வளைகாப்பன்னிக்கு ஆபீசுக்கு எழுந்து போன. இன்னைக்குப் போக வேண்டாம்னு ஆபீசையே கையில கட்டி அழைச்சுக்கிட்டு வந்துட்ட." பிடித்திருந்த கையை விட்டாள். தட்டிவிடவில்லை, அழுக்குத் துணியைக் கீழே போடுவதுபோல விட்டாள். திரும்பிப் போய்ப் பெட்டியின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

பானுமதி கொல்லைப்பக்கம் போனாள். துவைக்கிற கல்லருகே நின்று பட்டையை அவிழ்த்தாள். வியர்வையும் கண்ணீரும் மஞ்சளும் சேர்ந்து பட்டையில் குழம்பியிருந்தது. கடிகாரத்தின் அடிவயிற்றில் பச்சை விளக்கு, கையை விட்டுவந்த பிறகும், எங்கே நாடி எங்கே நாடி என்று துழாவிச் சிமிட்டியது. ரத்தம் குடித்த பூச்சியைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. கல்லைப் பிடித்துக் குனிந்து, வெறும் வயிற்றோடு வாந்தியெடுத்தாள்.

லக்ஷ்மணன் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அதே சமயம் அவள் போனில் பிச்சமுத்துவின் செய்தி வந்து விழுந்தது: 'சூப்பர் மேடம்! லீவிலும் கலக்கிட்டீங்க!' கூடவே மூன்று கைதட்டல் படம்.

லக்ஷ்மணன் படித்தார். "இதைத் தூக்கிக் கிணத்துல போட்டுடட்டுமா?"

"வேண்டாங்க. கம்பெனி சாமான். திருப்பிக் குடுக்கணும்."

அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எங்க ஷெட்டுல சம்பந்தம்னு ஒருத்தர். துடிப்பு தாறுமாறா இருக்குன்னு இது மாதிரி ஒண்ணு காட்டிக்குடுத்துதான் டாக்டர்கிட்ட போனாரு. பொழைச்சாரு. அதையும் நான் பாத்திருக்கேன்" என்றார். யாருக்காகவோ நியாயம் பேசுகிற குரல்.

"அவருக்கு அவர் நெஞ்சை அது காட்டியிருக்கும். நல்லதுதான். என் நெஞ்சை இது யாருக்குங்க காட்டுது?"

அவர் தண்ணீரை அவள் கையில் ஊற்றினார்.

அன்று அவள் போய்விடவில்லை. அத்தானைக் கொள்ளிடக்கரைக்கு எடுத்துப் போன பிறகு மற்றப் பெண்களோடு சேர்ந்து கூடத்தைக் கழுவிவிட்டாள். ரங்கநாயகி அவள் இருக்கும் பக்கம் திரும்பவில்லை. இழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பார்கள். பானுமதிக்குச் சொல்லிக்கொள்ள ஆளும் இல்லை. தலைகுனிந்து வெளியே வந்தாள்.

மறுபடி வேலைக்குப் போன அன்று, நுழைவாயில் பலகையில் அவள் போட்டோ இருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோ. கீழே 'இந்த வார நட்சத்திரம்' என்று தங்கநிற எழுத்து. காவலாளி எழுந்து நின்று, "வாழ்த்துகள்மா" என்றார். அத்தானுக்கு மாரடித்ததற்கு வாழ்த்து. பானுமதி பலகையின் கண்ணாடிக் கதவைத் திறந்து, தன் போட்டோவைப் பிய்த்துக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நேராக மாதவனிடம் போனாள். பிச்சமுத்துவும் அங்கேதான் இருந்தார்.

கடிகாரத்தை மேஜைமேல் வைத்தாள். துடைத்துத்தான் வைத்தாள்.

"மேடம், நீங்களா இப்படி? உங்க வொர்க் அவுட் அன்னைக்கு அவ்வளவு நல்லா வந்திருந்துச்சே. ஜும்பா மாதிரி ஏதாவது பண்ணீங்களா?"

"மாரடிச்சேன் தம்பி. எங்கக்கா வீட்டுக்காரர் செத்துட்டாரு. மாரடிச்சு அழுதேன்."

மாதவன் முகம் வெளிறிப்போயிற்று. பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். கை தன்னால் மவுஸைத் தேடியது. "ஸாரி மேடம். ரொம்ப ஸாரி. வேணும்னா வகையை மாத்திடலாம். உடற்பயிற்சின்னு இருக்கறதை 'மற்றவை'ன்னு மாத்திடலாம். மார்க் குறையாது."

"என்னது?"

"மற்றவை மேடம். இதுல அந்த வசதி இருக்கு."

பானுமதி அவனைப் பார்த்தாள். திட்டுவதற்கு வாய் வரவில்லை. அவன் கெட்டவன் இல்லையே, கெட்டவனாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"அழிச்சிடுங்க தம்பி. என் பேர்ல இருக்கறது எல்லாத்தையும் அழிச்சிடுங்க. இனிமே இதைக் கட்டமாட்டேன். கட்டினாத்தான் வேலைன்னா எழுதிக் குடுங்க, யூனியன்ல காட்டறேன்."

பிச்சமுத்து தொண்டையைக் கனைத்தார். "அணியோட நிலைமையைக் கொஞ்சம் யோசிங்க மேடம்."

"யோசிச்சுத்தான் சார் அன்னைக்குக் கட்டிக்கிட்டுப் போனேன்."

அதற்குப் பிறகு பிச்சமுத்து ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை அணியின் பெயரை வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் ஷரீபா மட்டும் பலமாகக் கை தட்டினாள்.

பானுமதி தினமும் வேலை விட்டுத் திருவானைக்காவலில் இறங்காமல் ஸ்ரீரங்கம் வரைக்கும் போனாள். மேலூர் ரோட்டு வீட்டின் கூடத்தில், துக்கம் விசாரிக்க வருகிறவர்களோடு ஓர் ஓரமாக உட்காருவாள். மகாலட்சுமி தண்ணீர் கொடுப்பாள். பிள்ளையை மடியில் விட்டுவிட்டுப் போவாள். ரங்கநாயகி வந்தவர்கள் எல்லோரோடும் பேசுவாள், தங்கையோடு மட்டும் பேசமாட்டாள். விளக்கு வைத்துச் சற்று நேரம் இருந்துவிட்டுப் பானுமதி எழுந்துபோவாள். லக்ஷ்மணன், "இன்னைக்காவது ஏதாவது சொன்னாங்களா?" என்பார். "பார்த்தாங்க" என்பாள்.

கருமாதிக்கு முந்தின நாள் அவள் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வந்துவிட்டாள். மற்றவர்கள் பந்தலிலும் சமையலிலும் இருந்தார்கள். ரங்கநாயகி உள்ளறையில் இரும்பு பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பானுமதி வாசற்படியில் நின்றாள்.

"எங்க அந்தச் சனியன்?" என்றாள் ரங்கநாயகி, பீரோவைப் பார்த்தபடி.

"குடுத்துட்டேன்க்கா. மூஞ்சில அடிச்ச மாதிரி குடுத்துட்டேன்."

"ஒண்ணும் சொல்லலியா அவங்க?"

"சொன்னாங்க. அந்தப் பையன் தப்பைத் திருத்திடறேன்னான். நான் அழுததை எக்சர்சைஸ்னு போடாம 'மற்றவை'ன்னு போட்டுடறானாம். மார்க் குறையாதாம்."

ரங்கநாயகி மெல்லத் திரும்பினாள். "என்னன்னு போடறானாம்?"

"மற்றவை."

ரங்கநாயகி வாயைத் திறந்து தங்கையைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு பக்கமாகச் சுளித்தது. அழுகிப்போன எதையோ தெரியாமல் மிதித்துவிட்டவளின் முகம். "த்தூ" என்றாள். "அவங்க வீட்டுல எழவே விழுந்ததில்லையாடி?"

"விழுந்தா எந்தக் கையில கட்டுவாங்களோ."

"நல்லவேளை, உங்க அத்தானுக்கு யாரும் கட்டிவிடல. ஏன் எந்திரிக்கலன்னு அவரையும் கேட்டிருக்கும்." சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து வந்தது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பானுமதி கிட்டே போகவில்லை. போகலாமா என்று தெரியாமல் படியிலேயே நின்றாள்.

"என்னடி வேடிக்கை பாக்குற? வா, வந்து உக்காரு. நாளைக்குள்ள இதையெல்லாம் யாருக்குன்னு பிரிக்கணும். எனக்கு ஒண்ணும் ஓடல."

பானுமதி உட்கார்ந்தாள். அத்தானின் சட்டைகள். ரயில்வேயில் இருந்தபோது தைத்த வெள்ளை அரைக்கைச் சட்டைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. மாப்பிள்ளைக்கு இரண்டு, தெருக்கோடி இஸ்திரிக்காரருக்கு நான்கு என்று அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தனித்தனியாக வைத்தாள். கட்டம் போட்ட ஒரு பழைய சட்டையை எடுத்தபோது ரங்கநாயகி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"இது வேண்டாம். இது இருக்கட்டும்."

"காலர் நைஞ்சு போச்சேக்கா."

"போகட்டும். இதைப் போட்டுக்கிட்டு வெளிய போகாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டாத்தானே." சட்டையை மடியில் போட்டு நீவினாள். "மூக்குப்பொடி வாசம் போகவே மாட்டேங்குது பாரு."

பானுமதி குனிந்து மோந்து பார்த்தாள். "ஆமாக்கா. கொஞ்சமா காரமா?"

"காரமென்ன, தும்மல் வரும். கிட்டப் போகாத" என்றாள் ரங்கநாயகி. அடுத்த சட்டையை எடு என்று பீரோவைக் காட்டினாள்.